எங்கள் ஆற்றில் ஒரு கரண்டு மீன்

போன தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த நிஷா, முறுக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழாத குறையாகப் புலம்பினாள். ஜொகூர் பாருவுக்கு வெளியே, நான் ஓய்வு பெறும்வரை வேலை செய்த பொழுதுபோக்குப் பூங்காவில், நான் நின்று பேசிய அதே காட்டாற்றுப் படகில், இப்போது அவள்தான் வழிகாட்டி.

"ஆண்ட்டி, நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே ஜோக்க அவங்களே சொல்லிடறாங்க. எல்லாத்தையும் போன்ல பாத்துட்டு வந்துடறாங்க. அப்புறம் நான் எதுக்கு அங்க நிக்கணும்?"

"சொல்லட்டும்லா. உனக்குத் தொண்டை மிச்சம்," என்றேன்.

அவளுக்கு என் பதில் பிடிக்கவில்லை என்பது முறுக்கைக் கடித்த கடியிலேயே தெரிந்தது. ஆனால் நான் அதைச் சும்மா சொல்லவில்லை. ஜோக்கை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வரும் பயணி நேற்று முளைத்தவர் இல்லை. கைபேசியில் படம் பார்க்கும் வசதியெல்லாம் வருவதற்கு முன்பே என் படகில் அப்படி ஒருவர் ஏறினார். அவரால் எங்கள் படகுக்கு ஒரு பெரிய சிரிப்பு கிடைத்தது. அந்தச் சிரிப்பாலேயே ஒருநாள் அவர் உயிர் போகப் பார்த்தது. நிஷாவிடம் இதைச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அடுத்த விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் ரெங்கம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். கல்யாணமாகி ஜொகூர் பாருவுக்கு வந்து, மின்னணுத் தொழிற்சாலையில் வாயைத் திறக்காமல் பல வருடம் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தொழிற்சாலையையே பெயர்த்து வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பூங்காவில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, டிக்கெட் கிழிக்கும் வேலை கேட்டுத்தான் போனேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் மலாயில் ஒரு கேள்வி, ஆங்கிலத்தில் ஒரு கேள்வி, தமிழில் ஒரு கேள்வி கேட்டார். மூன்றுக்கும் வெடுக் வெடுக்கென்று பதில் சொன்னேன். "இந்த வாய டிக்கெட் கவுண்டர்ல வெச்சா சண்ட வரும். படகுல போடுங்க," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். ஒரு வாரம் மற்றவர்களின் படகில் உட்கார்ந்து பார்த்தேன். பயிற்சி அவ்வளவுதான்.

"சும்மா பேசிக்கிட்டே போற வேலதானே" என்று என் சொந்தத் தம்பியே கேட்டிருக்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை ஒருநாள் காலிப் படகில் ஏற்றி மைக்கைக் கையில் கொடுத்தேன். முதலையைப் பார்த்ததும் "இது முதலை" என்றான். அதற்குமேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. கல்யாண வீடுகளில் வாய் ஓயாதவன் அவன்.

எங்கள் படகு தண்ணீருக்கு அடியில் இருந்த தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு தானே போகும். நான் முன்னால் பயணிகளைப் பார்த்தபடி நிற்பேன். என் பக்கத்தில் ஒரு பெரிய சுக்கான் இருக்கும். அது எதோடும் இணைக்கப்படவில்லை. அதைத் திருப்பித் திருப்பி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்வதுதான் நான் செய்த முதல் நகைச்சுவை. போகிற வழியில் வாயைப் பிளக்கும் முதலை, தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சும் யானைகள், மரத்தின் மேல் ஒரு புலி. புலியின் வால் மட்டும் எப்போதும் பழுதாகிக் கிடக்கும். "வயசாச்சு, வால் ஆட்டறதில்ல" என்று அதையும் ஜோக்காக்கிக்கொண்டோம்.

படகைக் கவனித்துக்கொண்ட எங்கள் மேலாளர் சலீம் பாய். அவருடைய அப்பா நகரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். பாய் சிறுவயதிலிருந்தே அங்கே மேசை மேசையாகப் போய் ஆர்டர் எடுத்து வளர்ந்தவர். வாரத்தில் ஒருநாள், எந்த நாள் என்று சொல்லாமல், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி வரிசையில் பயணி மாதிரி வந்து உட்கார்ந்துவிடுவார். கையில் ஒரு வேர்க்கடலைப் பொட்டலம் இருக்கும், நாங்கள் கச்சான் என்போம். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. படகு முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளும்போதும், இவர் கண்ணை மூடிக்கொண்டு கச்சான் மென்றுகொண்டிருப்பார். முகத்தைப் பார்க்க மாட்டார், சத்தத்தை மட்டும் கேட்பார். துறைக்கு வந்து எல்லாரும் இறங்கிய பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போவார்.

என் முதல் மாதத்தில் அவர் சொன்ன வாக்கியம், "ராஜி, முன் வரிச சாப்ட்டாங்க, பின் வரிச பட்டினி." நான் முன்னால் இருந்தவர்களிடமே பேசிக்கொண்டிருந்தேனாம். இன்னொரு முறை, கொஞ்சம் பருமனான ஒரு சீனப் பயணி ஏறும்போது "படகு சாயுது, எல்லாரும் அந்தப் பக்கம் போங்க" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பாய் மட்டும் இறங்கும்போது நின்றார். "முதலைய திட்டு. படக திட்டு. உன்னைய திட்டிக்கோ. காசு குடுத்து ஏறினவங்கள திட்டாத." அதற்கு நான் ஏதோ எதிர்வாதம் பேசினேன். கச்சான் தோலை ஊதிவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அதற்குப் பிறகு நான் யார் உடம்பையும் ஜோக்குக்கு எடுக்கவில்லை.

ஆட்களை ஏற்றுவதற்கும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் முகத்தைப் பார்க்காதே, காலைப் பார் என்பார். ஈரச் செருப்பு, வழுக்கும் சப்பாத்து, முட்டி வலிக்காரர் வைக்கும் அடி, எல்லாம் காலில்தான் தெரியும். வயதானவர்களைக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, முழங்கைக்குக் கீழே தாங்கிக் கொடுக்க வேண்டும். எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் முகம். அதில் சிரிப்புக்காரர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு படகிலும் ஒருவர் இருப்பார், ஒன்றும் சொல்வதற்கு முன்பே உதடு துடித்துக்கொண்டிருக்கும். அவரை நடுவில் உட்கார வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சிரிப்பு அவரிடமிருந்து இரண்டு பக்கமும் பரவும்.

நாங்கள்தான் ஜோக் சொல்கிறோம் என்று வெளியே நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் பயணிகள் கொடுத்துவிட்டுப் போனதுதான். ஒருமுறை ஒரு மலாய் மூதாட்டி பேரன் பேத்திகளோடு ஏறினார். முதலை தண்ணீரிலிருந்து எழும்பி வாயைப் பிளந்தது. குழந்தைகள் அலறின. அந்தம்மா துளிகூடப் பயப்படாமல், வீட்டுக்கு வந்தவரை விசாரிப்பது போல, "சூடா மாக்கான்?" என்று முதலையைப் பார்த்துக் கேட்டார். சாப்பிட்டாயா என்று அக்கறையாகத்தான் கேட்டார். படகே அதிர்ந்தது. மறுநாளிலிருந்து நாங்கள் எல்லாரும் முதலையிடம் அதையே கேட்க ஆரம்பித்தோம். தமிழ்க் கூட்டமாக இருந்தால் "சாப்டாச்சா?" என்போம். ஒருநாள்கூட அந்த ஜோக் எங்களைக் கைவிட்டதில்லை.

இப்போது கரண்டு மீனுக்கு வருகிறேன்.

யானைகளைத் தாண்டியதும் ஒரு வளைவு. முன்னால் போன படகு துறையில் ஆட்களை இறக்கி முடிக்கும்வரை எங்கள் படகு அங்கே நின்றாக வேண்டும். பார்க்க அங்கே ஒன்றுமில்லை, நாலு மூங்கிலும் ஒரு பழைய பாலமும்தான். "நிக்கற படகுல சிரிப்பு ஆறிப்போயிடும்" என்று பாய் கவலைப்படுவார். நான் அங்கே சுக்கானை உலுக்கி, "அலமாக், படகு கெட்டுப்போச்சு. யாராச்சும் எறங்கித் தள்ளணும்" என்று சொல்லிப் பார்ப்பேன். சுமாராகத்தான் போகும்.

ஒரு பள்ளி விடுமுறையில் காஹாங்கிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தபந்தங்களோடு ஒருவர் வந்தார். பெயர் முத்தையா. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு நன்றாகத் தேய்த்த, பூப்போட்ட பட்டேக் சட்டை போட்டுக்கொண்டு, முன் வரிசையில் சிறப்பு விருந்தினர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். சுல்தான் கையால் பட்டம் வாங்கியவர்களைத்தான் டத்தோ என்பார்கள். நான் அவரைப் பார்த்ததும் மைக்கில், "டத்தோ வந்துட்டாரு, இனிமே படகு கெளம்பலாம்" என்றேன். அவருடைய ஆட்கள் கைதட்டினார்கள்.

வளைவில் படகு நின்றது. நான் வழக்கம்போலப் படகு கெட்டுப்போச்சு என்றேன். முத்தையா எழுந்து, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, "எல்லாரும் நகருங்க. நான் தள்ளுறேன்," என்றார். லாரி தள்ளியே பழகிய மனிதர். முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "டத்தோ, எறங்காதீங்க. தண்ணில கரண்டு மீன் இருக்கு." அவர் கொஞ்சமும் அசராமல், "ஆம்பளயா, பொம்பளயா?" என்றார். "நெசமாத்தான் சொல்றேன் டத்தோ, தொட்டா முடியெல்லாம் நட்டுக்கும்" என்றேன். அவர் தன் வழுக்கைத் தலையைத் தடவிக் காட்டினார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பின்னால் வந்த படகிலிருந்தவர்களும் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார்கள்.

கடைசி வரிசையிலிருந்து இறங்கிய பாய் என்னிடம், "அத வெச்சிக்கோ," என்றார். அவர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அது.

வைத்துக்கொண்டேன். மற்ற வழிகாட்டிகளும் எடுத்துக்கொண்டார்கள். கரண்டு மீன் எங்கள் ஆற்றிலேயே பெரிய நட்சத்திரம் ஆகிவிட்டது. முத்தையா வருடா வருடம் விடுமுறைக்கு வருவார். வரிசையில் என் படகு வரும்வரை மற்றவர்களை முன்னால் விட்டுவிட்டு நிற்பார். ஒவ்வொரு சொல்லும் அவர் குடும்பத்துக்கு மனப்பாடம். நான் "நெசமாத்தான்" என்று தொடங்கினால், பின்னாலிருந்து அவர் பிள்ளைகள் "முடியெல்லாம் நட்டுக்கும்" என்று முடிப்பார்கள். ஒருவருக்கும் சலிக்கவில்லை. அவர் மனைவி பார்வதி அக்கா மட்டும் தலையில் அடித்துக்கொண்டு, "வீட்ல ஒரு பல்பு மாத்தச் சொன்னா மாட்டாரு, இங்க வந்து படகு தள்ளுறாரு" என்பார். எனக்கு அந்தக் குடும்பத்தைப் பார்த்தாலே அன்றைய வேலை அலுப்பு போய்விடும். அவ்வளவு பிடிக்கும்.

அந்த வருடம் அவருடைய மூத்த மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டாரையும் அழைத்துக்கொண்டு வந்தார். ஏறும்போதே என் காதருகே, "சம்பந்தி மொத தடவ வர்றாரு. நல்லாச் செய்யணும்" என்றார். "கவலப்படாதீங்க டத்தோ" என்றேன். மதியம் வரை அடைமழை, அப்போதுதான் விட்டிருந்தது. பின் வரிசைகளில் ஒரு சீனக் குடும்பமும், குழந்தைகளோடு ஒரு மலாய்த் தம்பதியும் இருந்தார்கள். முதலையிடம் சம்பந்தியையே "சாப்டாச்சா?" கேட்க வைத்தேன். மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முத்தையாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

யானைகளுக்குப் பக்கத்தில் படகு நின்றது. வளைவு இன்னும் வரவில்லை. என் காதில் மாட்டியிருந்த வாக்கி-டாக்கியில் பாயின் குரல். "ராஜி, எல்லாப் படகையும் நிறுத்தியாச்சு. யானைப் பம்பு ஒயர் அறுந்து தண்ணில கெடக்குதாம். மெயின அடைக்க ஆள் ஓடியிருக்கு. ஒருத்தர் வெரல்கூட தண்ணில படக்கூடாது. நான் வரேன்."

எட்டிப் பார்த்தேன். கொசுப்புழுவைத் தின்பதற்காக ஆற்றில் திலாப்பியா மீன்களை விட்டிருந்தார்கள். யானையின் காலடியில் நாலைந்து மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்துகொண்டிருந்தன.

மைக்கைப் பிடித்து, "படகு நின்னுபோச்சு. தண்ணில கரண்டு இருக்கு. யாரும் கைய வெளிய போடாதீங்க" என்று மூன்று மொழியிலும் சொன்னேன்.

சிரிப்பு வெடித்தது. முத்தையாவின் பிள்ளைகள் தலைமுடியைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார்கள். அதைப் பார்த்து மலாய்க் குழந்தைகளும் தூக்கிப் பிடித்தன. முத்தையா எழுந்தார். இந்த முறை கொஞ்சம் முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். சம்பந்தியைப் பார்த்து ஒரு கண் சிமிட்டிவிட்டுக் கால்சட்டையைச் சுருட்டினார். "எல்லாரும் நகருங்க. நான் தள்ளுறேன்."

"டத்தோ, இன்னைக்கு வேணாம். உக்காருங்க."

"ஆம்பளயா, பொம்பளயா?"

"டத்தோ, நெசமாத்தான் சொல்றேன்."

"முடியெல்லாம் நட்டுக்கும்" என்று பிள்ளைகள் முடித்தார்கள். சம்பந்தி கைதட்டினார். கைதட்டல் கேட்டதும், மற்ற வருடங்களில் செய்யாத ஒன்றை முத்தையா செய்தார். படகின் விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலை வெளியே போட்டுவிட்டார். செருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

'புலி வருது' கதை என்று பிறகு பலபேர் என்னிடம் சொன்னார்கள். எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். அந்தக் கதையில் ஒருவன் ஊரை ஏமாற்றினான். எங்கள் படகில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லாருமாகச் சேர்ந்து, ஆசை ஆசையாக, வருடக்கணக்கில் கட்டிய விளையாட்டு அது. அதில் எச்சரிக்கைக்கு உள்ள எல்லாச் சொல்லையும் செலவழித்துவிட்டோம். அந்த நிமிடத்தில் நான் எதைச் சொன்னாலும் அதற்குப் பதில் வசனம் அவர்களிடம் தயாராக இருந்தது.

மைக்கைக் கீழே போட்டேன். பயணியைத் தொடக்கூடாது, நின்ற இடத்தைவிட்டு நகரக்கூடாது என்றெல்லாம் எங்களுக்குச் சட்டம் உண்டு. ஒன்றும் ஞாபகம் வரவில்லை. பாய்ந்து போய் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, படகுக்குள் இருந்த அவர் காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். என் சீருடைத் தொப்பி எங்கேயோ விழுந்தது. படகு இன்னும் அதிகமாகச் சிரித்தது.

"அண்ணே," என்றேன். "வேணாம்ண்ணே. கால உள்ள எடுங்கண்ணே. அக்கா, நீங்க சொல்லுங்கக்கா."

பார்வதி அக்கா என்னையே பார்த்தார். எழுந்து வந்து தன் புருஷனின் சட்டைக் காலரைப் பிடித்தார். "உள்ள வாங்க. அந்தப் பொண்ணு கை நடுங்குது."

முத்தையா குனிந்து என் கையைப் பார்த்தார். காலை மெதுவாக உள்ளே எடுத்தார். உட்கார்ந்தார். ஒரு கால்சட்டை சுருட்டினபடியே இருந்தது. சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கி, கடைசி வரிசையில் ஒரு குழந்தை மட்டும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு காத்திருந்தோம். யானை காதை ஆட்டிக்கொண்டே இருந்தது. அது ஆடுகிறதென்றால் கரண்டு இன்னும் போகவில்லை என்று அர்த்தம். நான் யானையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலாய்த் தாய் முணுமுணுவென்று ஓதிக்கொண்டிருந்தார். சீனக் குடும்பத்துப் பாட்டி பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து முன் வரிசைக்கு அனுப்பினார். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் நீட்டினார்கள். முத்தையா வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார், சாப்பிடவில்லை. பாதி ஆட்டத்தில் யானையின் காது நின்றது. அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

பாய் கரையோரமாக ஒரு பலகையோடு வந்து படகுக்கும் கரைக்கும் நடுவே போட்டார். தானே அதன்மேல் நடந்து பார்த்த பிறகுதான் மற்றவர்களை விட்டார். ஒவ்வொருவரையும் முழங்கைக்குக் கீழே தாங்கி இறக்கினார். முத்தையா என் பக்கம் திரும்பாமல் போனார். வழிகாட்டிதான் கடைசியாக இறங்க வேண்டும். நான் இறங்கும்போது பாய் என் தொப்பியை எடுத்துத் தட்டிக் கொடுத்தார். "எல்லாரும் வந்தாச்சு," என்றார். அன்றைக்கு அதுதான் அவருடைய ஒரே வாக்கியம்.

ஒயர் அறுந்ததும் உண்மை, தண்ணீரில் கரண்டு பாய்ந்ததும் உண்மை என்று மின்சாரத் துறை ஆட்கள் பார்த்துச் சொன்னார்கள். மறுநாள் காலை பாய் எங்கள் எல்லாரையும் துறையில் கூப்பிட்டு நிறுத்தினார். "இன்னையிலேருந்து கரண்டு மீன் செத்துப்போச்சு," என்றார். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு பையன் மட்டும், "வளைவுல வேற என்ன பாய் சொல்றது? அதான் நம்மகிட்ட இருக்கற பெரிய சிரிப்பு" என்றான். "சிரிப்பு வரும், போகும். ஆபத்துன்னா சொல்றதுக்கு நம்மகிட்ட ஒரு வழி இருக்கணும். அத மட்டும் வெளையாட்டுல சேக்காதீங்க" என்றார் பாய். தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னால் அது நிஜம், சிரிக்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவானது. படகு புறப்படும் முன்பே பயணிகளிடம் அதைச் சொல்லிவிடுவோம். அதற்குப் பிறகு வெயில் மண்டையைப் பிளந்தாலும் நாங்கள் தொப்பியைக் கழற்றியதில்லை.

அடுத்த வருட விடுமுறைக்கு முத்தையா வரவில்லை. வரிசையில் பட்டேக் சட்டை தெரிகிறதா என்று ஒவ்வொரு படகுக்கும் பார்த்தேன். உயிர் பிழைத்தது தெரியும். ஆனால் சம்பந்திக்கு முன்னால் அவரைக் காலைப் பிடித்து உட்கார வைத்துவிட்டேனே, அந்தக் கல்யாணம் நடந்ததோ இல்லையோ என்று எனக்கு உள்ளூரக் குடைந்துகொண்டே இருந்தது. வீட்டில் சொன்னால், "நல்லதுதானே செஞ்ச" என்றார்கள். நல்லது செய்துவிட்டு ஒரு மனிதரை இழப்பது கஷ்டமாக இருந்தது.

அதற்கும் அடுத்த வருடம் வந்தார். வேன் இல்லை, கூட்டம் இல்லை, அவரும் பார்வதி அக்காவும் மட்டும். முன் வரிசை காலியாக இருந்தும் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தார். "வாங்கண்ணே, வாங்கக்கா" என்றேன். அந்தச் சுற்று முழுவதும், அவருக்கு அந்த நாளை ஞாபகப்படுத்திவிடக் கூடாதே என்று, ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. வலது பக்கம் யானை, இடது பக்கம் மூங்கில் என்று பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி சொல்லிக்கொண்டே போனேன். பயணிகள் கொட்டாவி விட்டார்கள். துறையில் எல்லாரும் இறங்கினார்கள். முத்தையா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"என்னம்மா இது? பஸ்ல போன மாதிரி இருந்திச்சு," என்றார்.

"இல்லண்ணே, நீங்க கோவமா இருப்பீங்கன்னு..."

பார்வதி அக்கா முந்திக்கொண்டார். "கோவம் இல்லம்மா, வெக்கம். கல்யாணமெல்லாம் நல்லா நடந்திச்சு. சம்பந்தி இத எல்லார்ட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. இவருக்குத்தான் மூஞ்சி சுருங்கிப் போயிடும். அப்புறம் போன வருசம் லாரி ஷெட்ல ஒரு ஆளுக்கு ஷாக் அடிச்சிருச்சு. ஈரத் தரைல நின்னு வெல்டிங் பண்ணானாம். இவர்தான் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனாரு. அவன் பொழச்சிக்கிட்டான். இப்பல்லாம் குளிக்கப் போனா மெயின் சுவிட்சையே அடைச்சிட்டுப் போறாரு. நாங்க இருட்டுல உக்காந்திருக்கோம்."

முத்தையா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அன்னைக்கு நீ டத்தோ டத்தோன்னே கூப்ட்டுக்கிட்டிருந்தா நான் கண்டிப்பா எறங்கியிருப்பேன்," என்றார். "அண்ணேன்ன பாரு, அப்பத்தான் இது வெளையாட்டு இல்லன்னு பட்டிச்சு." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இப்ப ஏன் ஏறினதுலேருந்து அண்ணே அண்ணேன்னே கூப்ட்டுக்கிட்டிருக்க? எனக்குப் பயமா இருக்கு. டத்தோன்னு கூப்பிடும்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டேன். அடுத்த பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். மைக்கை எடுத்து, "டத்தோ வந்துட்டாரு, இனிமே படகு கெளம்பலாம்" என்றேன்.

அந்தச் சுற்றில் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் எடுத்து விட்டேன். முதலையில் ஆரம்பித்து, வால் ஆட்டாத புலிவரைக்கும், ஒவ்வொன்றுக்கும் எல்லாருக்கும் முன்னால் சிரித்தது முத்தையாதான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஆனால் முன்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்தவர் விடவே இல்லை. துறைக்கு வந்து படகு நின்ற பிறகு, பார்வதி அக்காதான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.